முல்லைத்திணையும் ஏழு பேர் காற்பந்தும்: கடப்பாடு குறித்த ஒரு கள ஆய்வு

எட்டு வயதுப் பிள்ளையைக் காற்பந்து அணியில் சேர்த்துவிட்டால் அவனுக்குக் கடப்பாடு தானாக வந்துவிடும் என்ற கருத்து பினாங்குப் பெற்றோரிடையே வேரூன்றியிருக்கிறது. எனக்கு இதைச் சொன்னவர் என் மனைவி. அவர் கருத்துகளை மறுத்து ஆய்வு செய்யும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆகவே கருத்து சரி என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு, பிறகு ஆய்வைத் தொடங்கினேன். இம்முறை பெரிய இடங்களிலும் கையாளப்படுவதாகக் கேள்வி.

சொல்லிலிருந்து தொடங்குவது மரபு. கடப்பாடு என்பது கடன், கடமை ஆகியவற்றுக்குப் பங்காளி முறை. கடன் என்றால் திருப்பித் தரவேண்டிய பணம்; செய்தே தீரவேண்டிய காரியமும் அதுதான். அணியில் பேர் கொடுக்கும் நாளில் இரண்டு பொருளும் ஒருசேர விளங்கும். பூட்ஸ், ஷின் கார்டு, இரண்டு ஜெர்சி, மாதக் கட்டணம் என்பவை முதற்பொருள். அது தந்தையைச் சாரும். புதன், வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி, சனிக்கிழமை காலையில் ஆட்டம் என்பது இரண்டாம் பொருள். அது மகனைச் சாரும் என்று நம்பவைத்தார்கள். கடப்பாறைக்கும் இச்சொல்லுக்கும் உறவில்லை என்று அகராதிக்காரர்கள் சொல்லலாம். சனிக்கிழமை காலை ஆறரைக்கு அவனைப் படுக்கையிலிருந்து பெயர்த்தெடுத்தவன் என்ற முறையில் நான் அதை ஐயுறுகிறேன்.

மாதிரி எண்ணிக்கை: ஒன்று. ஆய்வுப்பொருள் ஆண், வயது எட்டு, எடை 24 கிலோ, மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் விடுப்பில். ஆய்வு அறம் கருதிப் பெயர் மறைக்கப்படுகிறது. ஏன் சேர்ந்தாய் என்று கேட்டதற்கு, "ஜெர்சில நம்பர் இருக்கும்பா" என்றான். ஏழு பேர் ஆடும் அணியில் அவனுக்குக் கிடைத்த எண் 14. அதன் உட்பொருள் முதல் ஆட்டத்தன்று பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அவனுக்கு எட்டியது.

முன்னோர் ஆய்வுகளைப் புரட்டினேன். உள்ளூரிலேயே தக்க சான்று இருக்கிறது. 1983இல் இங்கே பிறந்த நிக்கோல் டேவிட் ஐந்து வயதில் ஸ்குவாஷ் மட்டையைப் பிடித்தார். எட்டு முறை உலக வெற்றியாளர் ஆனார். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகின் முதல் இடம் அவருடையது. தைப்பூசத் தேருக்குப் பினாங்கில் தேங்காய் உடைபடுவதைப் பார்த்தவர்களுக்கு 108 பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் மாதத்துக்கு ஒரு தேங்காய் என்று ஒன்பது ஆண்டு, ஒன்றுகூட அழுகாமல் உடைத்துப் பார்க்கட்டும். இந்தத் தரவில் என் கண்ணை உறுத்தியது வேறு. இந்நாட்டில் பதினேழு வயதுக்கு முன் கார் உரிமம் கிடையாது. ஆகவே ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு ஆண்டு அந்தப் பிள்ளையை யாரோ புக்கிட் டும்பார் ஸ்குவாஷ் கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். யாரோ வெளியே காத்திருக்கவும் வேண்டும். காத்திருந்தவர்களுக்கு உலகத் தரவரிசை எதுவும் வெளியிடப்பட்டதாகத் தெரியவில்லை.

அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வேய் கதையும் இதற்கு அரண் செய்கிறது. சிறு வயதில் அவருக்குப் பிடித்தது கூடைப்பந்து. வெயிலில் வதங்குகிறான் என்று தாயார் தடை போட்டார். பூப்பந்துக் கூடத்துக்குக் கூட்டிப்போனவர் தந்தை. மூன்று ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கங்களுக்கு மூலகாரணம் பிள்ளையின் உறுதி என்பதா, தாய் வெயிலைப் பற்றிக் கொண்டிருந்த அபிப்பிராயம் என்பதா? ஆய்வாளர்கள் இதில் வாய் திறப்பதில்லை.

இனி களம். முதல் வாரம் ஆய்வுப்பொருள் நான்கு மணிக்கே பூட்ஸ் மாட்டிக்கொண்டு வீட்டுத் தரையைக் கீறினான். மூன்றாம் வாரம் ஒரு புது நோய் தலைகாட்டியது. அது புதன்கிழமைகளில் சரியாக நான்கு நாற்பதுக்கு வரும் வயிற்றுவலி. "சரி, இன்னிக்குப் போக வேணாம்" என்ற சொல்லே மருந்து. மருந்து காதில் விழுந்த மறுகணம் நோயாளி கார்ட்டூன் பார்க்க எழுந்து போவான். இம்மருந்தை இரண்டு முறைக்கு மேல் தரக்கூடாது என்று வீட்டின் தலைமை மருத்துவர் உத்தரவிட்டுவிட்டார்.

கடப்பாடு எங்கே உற்பத்தியாகிறது என்று தேடியபோதுதான் இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அது திடலுக்குள் உற்பத்தியாகவில்லை. பாடாங் பிரவுன் திடலோரம் நிறுத்தியிருந்த என் மைவி காருக்குள் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது.

தொல்காப்பியர் நிலத்தைப் பிரித்தபோது முல்லைக்கு உரிப்பொருளாக வைத்தது இருத்தல். போனவன் வருவான் என்று பொறுத்திருப்பது. பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். அதாவது ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. பினாங்கில் மழை வலுக்கும் காலமும் ஏறக்குறைய இதுவே. சங்கப் புலவர் பினாங்கு வந்துபோனார் என்று நான் சொல்ல வரவில்லை, சொல்கிறவர்கள் சொல்லட்டும். என் நிலையைப் பாருங்கள். காலம் கார். பொழுது மாலை. தொழில் இருத்தல். இருப்பதும் கார். ஐயாயிரம் பாட்டுக்கு உரையெழுதினாலும் இப்படி ஒரு பொருத்தம் வாய்க்காது. வினைமேற் சென்ற தலைவன் மட்டும் இங்கே எட்டு வயதுக்காரன். ஆறு மணிக்கு விட்டுவிடுவோம் என்று கோச் சொன்ன சொல்லை நம்பி, ஆறு நாற்பதுவரை வாசல் பார்க்கும் தலைவிக்குத் தொப்பையும் வழுக்கையும் உண்டு. கூந்தலில் முல்லை சூடும் வாய்ப்பு கடந்துபோய்ப் பத்தாண்டாகிறது.

இருந்திருந்து பார்த்ததில் திடலோரச் சமூகமும் பிடிபட்டது. போப்பியா கடையோரம் ஒதுங்குகிறவர்கள், தே தாரிக் பொட்டலத்தோடு காரிலேயே தூங்குகிறவர்கள், கோட்டோரம் நின்று கோச்சுக்கே ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் என்று பல குலம். மூன்றாம் குலத்தோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது.

ஆட்ட நாளில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது மைலோ. இந்நாட்டில் விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் பாதிப் பேருக்கு நாக்கில் ஊறுவது மைலோ வண்டியின் காகிதக் குவளைதான். பானம் 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மெய்ன் உண்டாக்கியது. பெயர் பழைய கிரேக்க மல்லன் மைலோவுடையது. அவன் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கினானாம். கன்று வளர வளர அவன் வலுவும் வளர்ந்து, கடைசியில் முழுக்காளையையே தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தானாம். உறுதிக்கு உவமையாகப் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்வார்கள். பிள்ளைகள் தங்களை மைலோ என்று எண்ணிக்கொள்வார்கள். லிஃப்ட் ஓடாத வெள்ளிக்கிழமை இரவுகளில் பயிற்சி முடிந்து காரிலேயே தூங்கிப்போனவனை நான்கு மாடி தூக்கிக்கொண்டு ஏறியபோது எனக்கு உண்மை விளங்கியது. அவன் கன்று.

வியப்படைய ஏதுமில்லை. வேண்டிப் பெற்ற பிள்ளையைக் கரும்புத் தொட்டிலில் இட்டுத் தண்ணீர்மலைக் கோயிலுக்குச் சுமந்துபோகிறவர்களைத் தைப்பூசத்தன்று பார்க்கலாம். நேர்ந்துகொண்டவர் ஒருவர், தொட்டிலில் ஆடுகிறவர் இன்னொருவர். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

தூக்கமே வராத கடப்பாடு ஒன்றையும் களத்தில் சந்தித்தேன். எங்கள் அணிக் கீப்பரின் தாத்தா. பேரனைக் கப்சாய் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு எல்லாருக்கும் முன்பே வந்துவிடுவார். 1974இல் பினாங்கு பேராக்கை வென்று மலேசியாக் கிண்ணத்தைத் தூக்கிய ஆட்டத்தை ரேடியோவில் கேட்டவர். அதன்பின் 1998லும் 2001லும் லீக் பட்டம் வந்தது. அந்தக் கிண்ணம் வரவேயில்லை. "வரும்லா" என்றார். அரை நூற்றாண்டாகச் சொல்லிவருகிறவரின் குரலில் அவசரமே இல்லை. முல்லைக்குரிய கார் ஒரு பருவம்தான் நீடிக்கும் என்று இலக்கணம் சொல்வதை அவரிடம் நான் எடுத்துரைக்கவில்லை.

ஆய்வை முடித்துவிடலாம் என்றிருந்தேன். புரட்டாசியில் ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கே வானம் இடிந்து விழுந்தது. நாலேகாலுக்கு வாட்சப்பில் கோச்சின் செய்தி: இன்று பயிற்சி ரத்து. மகிழ்ச்சியை மறைத்துக்கொண்டு அறிவித்தேன். ஆய்வுப்பொருள் ஜெர்சியும் ஷின் கார்டுமாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"கீப்பர் தாத்தாகிட்ட பட்டன் போன்தான்பா. அவருக்கு மெசேஜ் போயிருக்காது."

"மழையில யாருடா வருவா?"

"அவங்க வந்திருப்பாங்க. அவன் மட்டும் கோல்ல நிப்பான். யாரு அடிப்பா?"

இக்கேள்விக்கு என் குறிப்பேட்டில் பதில் இல்லை. போனோம். டத்தோ கெராமாட் சாலையில் தண்ணீர் சக்கரத்தின் பாதியைத் தொட்டது. திடலில் ஈ காக்கை இல்லை. கடைத் தகரக்கூரையின் கீழ் அந்தக் கப்சாய் நின்றது. பேரன் கையுறையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தான்.

என் மகன் காரைவிட்டுக் குதித்தான். இரண்டு செருப்புகளைக் கம்பமாக நட்டார்கள். அவன் உதைத்த முதல் பந்து பாதி வழியில் குட்டையில் விழுந்து அசையாமல் நின்றது. கீப்பர் அதற்கும் பாய்ந்து சேற்றில் புரண்டான்.

தாத்தா நனைந்த சட்டையோடு வந்து மைவியின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். "ஆறு மணிக்குத்தானே விடுவாங்க?" என்றார். ஆமாம் என்றேன். குறிப்பேட்டை எடுத்து, மாதிரி எண்ணிக்கை என்ற இடத்தில் இரண்டு என்று திருத்தினேன்.