வசவு படிக்க வந்த பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, ஏச்சுப்பேச்சை ஆராய்ச்சி பண்ணப் போறியாமே? நல்ல படிப்புதான். சுங்கை சிப்புட் தோட்டத்துல நாங்க அதைக் காசு கட்டாமலே படிச்சோம். விடியறதுக்கு முன்னாடி ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல கங்காணி வாயைத் திறந்தா, பால்மரமே காதைப் பொத்திக்கும்.

உனக்கு முன்னாடியே இந்த வழியில ஒருத்தர் போயிருக்கார். ரெய்ன்ஹோல்ட் அமன். அமெரிக்காவுல 1977லேயே 'மலெடிக்டா'ன்னு வசவுக்குன்னே ஆய்விதழ் நடத்தினவர். பிற்பாடு விவாகரத்துத் தகராறுல மிரட்டல் தபால் போட்டார்னு ஜெயிலுக்கும் போனார். திட்டைப் படிடா, தபால்ல போடாதே.

முதல்ல 'கூலி'யை எடு. நமக்கு அது வேலை செஞ்சு வாங்குற காசு. வெள்ளைக்காரன் காசை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, பேரை மட்டும் நம்ம மேல ஒட்டினான். 1886ல வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில, அது குஜராத்துக் கோளி சாதிப் பேரா, தமிழ்க் கூலியான்னு பெரிய விசாரணையே உண்டு. தோட்டத்துத் துரை, கொடுத்த கூலி பத்துதான்னு ஒருநாளும் விசாரிச்சதில்ல.

மலாய்க்காரங்க நம்ம ஆளுங்களுக்கு வெச்ச 'கெலிங்'கும் அப்படித்தான். பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்ல அது மரியாதைப் பேரு. ஈப்போ பசார்ல அதையே ஒருத்தன் பல்லைக் கடிச்சுச் சொன்னா சட்டை கிழியும்.

உன் பாட்டி சரக்கு வேற. "பேதியில போவ", "கொள்ளையில போவ", "உன்னை வைசூரி வார". வசவா அது? பழைய ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்டா! லயம் லயமா ஆளை வாரிக்கிட்டுப் போன நோயெல்லாம் அவ வாயில குடியிருக்கு. இப்ப நம்மளைத் தின்னுறது இனிப்பு நீர் வியாதிதான். ஆனா "இனிப்பு நீர்ல போவ"ன்னு ஒருத்தியும் திட்டக் காணோம். ஏன்னு அதை ஆராயேன்.

போன வெள்ளிக்கிழமை கைப்பேசியை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டி, "திட்டுங்க பாட்டி"ன்னு நின்னியே! "சாமி கும்பிட்ட வாயால யாரைத் திட்ட, என் ராசா?"ன்னு உன் கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சா. நீயும் கைப்பேசியைப் பைக்குள்ள போட்டுட்டுத் திரும்பி, வாசல்ல காயப் போட்ட மோர்மிளகாயை மிதிச்ச பாரு, அப்ப அவுத்துக் கொட்டினா, தஞ்சாவூர்லேருந்து கப்பலேறி வந்த மொத்தச் சொத்தையும். ஒண்ணாவது பதிஞ்சுதா?

அடுத்த தடவை முதல்ல பதிவைத் தட்டிவிடு, அப்புறம் மிளகாயை மிதி. செருப்பை மட்டும் கழட்டிடாதே, ஓட வேண்டியிருக்கும்.