ஆண்டவருக்கு அரசாங்க உத்தியோகம்

பக்தியில் உலகத்துக்கே மூத்தவர்கள் நாம்தான் என்று ஒரு கர்வம் நமக்கு உண்டு. அது முதலில் அடங்க வேண்டும். அப்படி என்ன செய்து கிழித்துவிட்டோம்? கோயில் கட்டினோம், தேர் இழுத்தோம், தீ மிதித்தோம், அலகு குத்திக்கொண்டோம். இத்தனையும் செய்தும், ஆண்டவருக்கு நிரந்தரமாக ஒரு வேலை வாங்கித் தர வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லையே! அமெரிக்கர்களுக்குத் தோன்றியது. காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றி, ஜனாதிபதி கையெழுத்திட்டு, 1954 ஜூன் 14 அன்று அவரைப் பள்ளிக்கூடப் பணியில் அமர்த்தினார்கள். வேலை நேரம், காலையில் சில விநாடி. வேலை, பிள்ளைகள் கொடியைப் பார்த்து ஒப்பிக்கும் உறுதிமொழியில் 'ஒரே தேசம்' என்பதற்கும் 'பிரிக்க முடியாதது' என்பதற்கும் நடுவே போய் நிற்பது. அந்த இரண்டையும் பிரித்துக்கொண்டு நிற்க, எல்லாம் வல்லவரைத் தவிர வேறு யாரால் முடியும்?

இந்த நியமனத்தின் அருமை தெரிய வேண்டுமானால், அதற்கு முன் அவர் அங்கே பட்ட பாடு தெரிய வேண்டும். 1787இல் பிலடெல்ஃபியாவில் கூடிய பெரியவர்கள் கோடை முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு அரசியல் சட்டம் எழுதினார்கள். கடைசியில் தேதி போடும் இடத்தில் 'நம் ஆண்டவரின் ஆண்டு' என்று எல்லாரும் எழுதுகிற வழக்கத்தில் எழுதியதோடு சரி. மற்றபடி கடவுளுக்கு அதில் இடமில்லை. ஜனாதிபதி எடுக்க வேண்டிய பிரமாணத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுத்தார்கள், அதிலும் அவரைக் காணோம். போதாக்குறைக்கு, எந்தப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்று ஒரு விதி. பத்து ஆண்டு கழித்து வட ஆப்பிரிக்கத் திரிப்போலியோடு செய்துகொண்ட உடன்படிக்கையில், இந்த அரசு கிறித்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல என்றே எழுதினார்கள். செனட்டில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மதச் சண்டையில் ஐரோப்பா எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், பாவம். அந்தப் பயத்தில் சின்ன விஷயத்தையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

உறுதிமொழியை எழுதியவராவது ஒழுங்காக இருந்தாரா என்றால், அவர் இன்னும் மோசம். ஃபிரான்சிஸ் பெல்லமி நாத்திகராக இருந்திருந்தால் மன்னித்துவிடலாம். அவரோ பாப்டிஸ்ட் சபையின் போதகர். ஏழைகளுக்கு இயேசு என்ன செய்யச் சொன்னார் என்பதை அளவுக்கு மீறி நம்பி, சோஷலிசம் பேசி, பாஸ்டன் பிரசங்க மேடையை இழந்தவர். அங்கிருந்து 'யூத்ஸ் கம்பானியன்' என்ற பத்திரிகைக்கு வந்தார். அந்தப் பத்திரிகை பள்ளிக்கூடங்களுக்குக் கொடி விற்றுக்கொண்டிருந்தது. கொலம்பஸ் வந்திறங்கிய 400ஆம் ஆண்டு விழாவில் பிள்ளைகள் கொடிக்கு முன் நின்று சொல்ல நாலு வரி வேண்டியிருந்தது. 1892 செப்டம்பரில் அச்சேற்றினார்கள். போதகர் எழுதியதில் கடவுளைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது: கொடி, குடியரசு, சுதந்திரம், நீதி. சமத்துவத்தையும் சேர்க்கத்தான் நினைத்தார். பெண்களும் கறுப்பினத்தவரும் சமம் என்றால் பள்ளிக் கண்காணிப்பாளர்கள் ஒப்ப மாட்டார்கள் என்று விட்டுவிட்டார். இந்த ஒரு இடத்தில் மட்டும் அவருக்கு நல்ல நடைமுறை ஞானம்.

கடவுள் இல்லாத அந்த உறுதிமொழி 62 ஆண்டு ஓடியது. அந்தக் காலத்தில் அதைச் சொல்ல மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள் யார் தெரியுமா? யெகோவாவின் சாட்சிகள். கொடியை வணங்குவது விக்கிரக ஆராதனை, ஆண்டவருக்கு மட்டுமே தலைவணங்குவோம் என்றார்கள். பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில்லில் அந்தச் சபைக் குடும்பம் ஒன்றின் பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1940இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அது சரியே என்றது. உடனே தேசபக்தர்கள் ஊர் ஊராக அவர்களைத் தேடித்தேடி அடித்தார்கள். மெய்ன் மாநிலத்தின் கென்னபங்கில் அவர்கள் கூடும் மன்றத்துக்குத் தீ வைத்தார்கள். மூன்றே ஆண்டில் நீதிமன்றம் மனம் மாறி, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பைத் திருப்பியது. கடவுளை அளவுக்கு மீறி நம்புகிறவர்களால் நாட்டுக்கு எவ்வளவு தொந்தரவு என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆண்டவரைக் கையோடு அரசாங்கக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். தாமதம்தான்.

நல்ல காலம் 1950களில் பிறந்தது. கத்தோலிக்க ஆண்கள் அமைப்பான நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் 1951இல் தன் கூட்டங்களில் 'கடவுளின் கீழ்' என்று சேர்த்துச் சொல்லத் தொடங்கியது. மிச்சிகனின் காங்கிரஸ் உறுப்பினர் லூயி ராபோ 1953இல் தீர்மானம் கொண்டுவந்தார். அப்போதும் அசையாத தேர், 1954 பிப்ரவரி 7 அன்று அசைந்தது. வாஷிங்டனின் நியூயார்க் அவென்யூ பிரெஸ்பிட்டீரியன் ஆலயத்தில், லிங்கன் உட்காரும் இருக்கையில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் உட்கார்ந்திருந்தார். ஸ்காட்லாந்திலிருந்து வந்த போதகர் ஜார்ஜ் டோச்சர்டி பிரசங்கம் செய்தார். இந்த உறுதிமொழியில் குறை இருக்கிறது, இதை மாஸ்கோ பிள்ளைகள் தங்கள் அரிவாள் சுத்தியல் கொடியைப் பார்த்தும் சொல்லலாமே என்றார். நாத்திகர்கள் ஆன்மிக ஒட்டுண்ணிகள் என்றும் சொன்னார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை என்று கூடவே சமாதானமும் சொன்னார். எவ்வளவு மென்மையான மனம்!

ஆண்டவர் ஏன் தேவைப்பட்டார் என்பதை இவ்வளவு நேர்மையாக வேறெங்கும் சொன்னதில்லை. பாவத்தை மன்னிக்கவோ, பசித்தவனுக்குச் சோறு போடவோ அல்ல. ரஷ்யர்களிடமிருந்து அடையாளம் தெரிவதற்கு. ஐசன்ஹோவரும் பரந்த மனசுக்காரர். ஆழ்ந்த மத நம்பிக்கை இல்லாமல் நம் அரசுமுறைக்கு அர்த்தமில்லை, அது எந்த மதமாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை என்று பதவியேற்கும் முன்பே சொன்னவர். பதவியேற்ற இரண்டு வாரத்துக்குள், 1953 பிப்ரவரி 1 அன்று ஞானஸ்நானமும் பெற்றுக்கொண்டார். பிரசங்கம் பிப்ரவரியில், சட்டம் ஜூனில். நான்கே மாதம்.

அதே ஆண்டு மே 17 அன்றுதான் கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இரண்டையும் ஒரே வேகத்தில் செய்ய முடியாது அல்லவா? ஆண்டவரைச் சேர்ப்பதை உடனே முடித்தார்கள். பிள்ளைகளைச் சேர்ப்பதை நிதானமான வேகத்தில் செய்யலாம் என்று நீதிமன்றமே 1955இல் அவகாசம் கொடுத்தது. ஆகவே அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் வெள்ளைப் பிள்ளைகள் ஒரு கட்டடத்திலும் கறுப்புப் பிள்ளைகள் இன்னொரு கட்டடத்திலும் நின்று, கடவுளின் கீழ் பிரிக்க முடியாத ஒரே தேசம் என்று பல ஆண்டு ஒப்பித்தார்கள். ஆண்டவர் இரண்டு கட்டடத்திலும் ஆஜர். சர்வவியாபி என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத்து அவலத்தையும் சொல்லிவிடுகிறேன். 1949 அக்டோபர் 17 அன்று டெல்லி அரசியல் நிர்ணய சபையில், முகப்புரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்றார் எச்.வி. காமத். கடவுளை வாக்கெடுப்புக்கு விட வேண்டாம் என்று மற்றவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். அசாமின் ரோகிணி குமார் சௌத்ரி, நாங்கள் காமாக்யாவைக் கும்பிடுகிறவர்கள், தேவியின் பெயரை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். நம்பிக்கை இல்லாதவனைக் கட்டாயப்படுத்துவதாகாதா என்றார் திருவிதாங்கூர் தாணு பிள்ளை. கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது. 41க்கு 68, கடவுள் தோற்றார். இப்படியா நடத்துவது? எந்தக் கடவுள், யாருடைய கடவுள் என்று குடைந்து குடைந்து கேட்டால் அவருக்கு எப்போது வேலை கிடைக்கும்? அமெரிக்கர்களைப் போல எதுவும் கேட்காமல் ஆணையைத் தட்டச்சு செய்துவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்தோடு விட்டார்களா? கஜானாவிலும் பொறுப்பு கொடுத்தார்கள். உள்நாட்டுப் போரில் ஆள் மாய்ந்துகொண்டிருந்தபோது, 1864இல் இரண்டு சென்ட் காசில் 'கடவுளை நம்புகிறோம்' என்று பொறிக்கத் தொடங்கினார்கள். நடுவில் தியோடர் ரூஸ்வெல்ட் என்ற விவரமில்லாத ஜனாதிபதி, இந்த வாசகத்தைக் காசில் போடுவது தெய்வ நிந்தனைக்குப் பக்கத்தில் வருகிறது என்று 1907இல் தங்கக் காசுகளிலிருந்து எடுத்துவிட்டார். சீட்டாட்ட மேசையிலும் சாராயக் கடையிலும் கை மாறுகிற பொருளில் ஆண்டவர் பெயர் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ. அவரை விட பக்தியுள்ள காங்கிரஸ் அடுத்த ஆண்டே அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. 1955இல் எல்லாப் பணத்திலும் போட வேண்டும் என்று சட்டம், 1956இல் அதுவே தேசிய வாசகம். 1957 அக்டோபரில் முதன்முதலாக அந்த வாசகத்தோடு ஒரு டாலர் நோட்டு வெளிவந்தது. அந்த இலையுதிர் காலத்தில்தான் லிட்டில் ராக்கில் 9 கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குப் போக, ஐசன்ஹோவர் துப்பாக்கியோடு 101ஆம் படைப்பிரிவை அனுப்ப வேண்டியிருந்தது. கடவுளை நம்புகிறோம் என்பது நோட்டுக்கு. பிள்ளைகளின் விஷயத்தில் ராணுவத்தை நம்பினார்கள்.

ஆனாலும் என் முழு மரியாதையும் அந்நாட்டு நீதிபதிகளுக்குத்தான். அரசு மதத்தை நிறுவக் கூடாது என்று அரசியல் சட்டத் திருத்தமே சொல்லும்போது, ஆண்டவரை வேலையிலிருந்து தூக்காமல் காப்பாற்றியது அவர்கள் மூளை. ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் நகராட்சி கிறிஸ்துமஸுக்கு இயேசு பிறந்த குடில் வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. குடிலைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தார்கள். சாண்டா கிளாஸ் வீடு இருந்தது, வண்டி இழுக்கும் கலைமான்கள் இருந்தன, கோமாளி, யானை, கரடிப் பொம்மை உருவங்கள் இருந்தன. அப்படியானால் சரி என்று 1984இல் ஐந்துக்கு நான்கில் அனுமதித்தார்கள். ஐந்து ஆண்டு கழித்துப் பிட்ஸ்பர்க்கில் மாவட்ட நீதிமன்றப் பெரிய படிக்கட்டில் குழந்தை இயேசு தனியாக இருந்தார். கரடியும் இல்லை, கோமாளியும் இல்லை. செல்லாது என்று எடுக்கச் சொன்னார்கள். தெய்வக் குழந்தை பொது இடத்தில் இருக்கலாம், துணைக்குக் கோமாளி இருந்தால். இப்படி ஒரு ஆகம விதியை வகுக்க நம் ஸ்தபதிகளுக்கு ஆயிரம் ஆண்டாகத் தெரியவில்லை.

அந்த 1984 வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரென்னன், நாணயத்து வாசகத்துக்கும் உறுதிமொழிக்கும் ஒரு வழி காட்டினார். யேல் சட்டக் கல்லூரித் தலைவர் யூஜின் ராஸ்டோ முன்பே வைத்த பெயரை எடுத்துக்கொண்டு, இவையெல்லாம் 'சடங்கு ஆத்திகம்' என்றார். திரும்பத் திரும்ப ஒப்பித்து ஒப்பித்து மத அர்த்தமே போய்விட்டது, அதனால் ஆட்சேபம் இல்லை என்பது அவர் வாதம். 2004இல் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரும் இதே வழியில் போய், மதச் சாரம் மிகக் குறைவாக இருப்பதையும் ஒரு தகுதியாகக் கணக்கில் வைத்தார். யோசித்துப் பாருங்கள். ஆண்டவர் பெயரை யாராவது மனசாரச் சொன்னால் அது சட்ட விரோதம் ஆகிவிடலாம். கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னால் செல்லும். ஆறு வயதுப் பிள்ளைகள் தினமும் காலையில் அர்த்தம் புரியாமல் முணுமுணுப்பதால்தான் அவர் உத்தியோகம் நிலைக்கிறது. எந்த மதத்து இறையியலாளரும் இதுவரை கண்டுபிடிக்காத பாதுகாப்பு இது.

இவ்வளவு அழகான ஏற்பாட்டைக் கெடுக்க கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர் கிளம்பினார். மைக்கேல் நியூடோ, அவசரச் சிகிச்சை மருத்துவர், சட்டமும் படித்தவர், நாத்திகர். தன் மகள் படிக்கும் எல்க் குரோவ் பள்ளியில் கடவுள் எதற்கு என்று வழக்குப் போட்டார். 2002 ஜூன் 26 அன்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றே செனட் கூடி 99க்கு 0 என்று கண்டனத் தீர்மானம் போட்டது. பிரதிநிதிகள் சபையினர் காங்கிரஸ் மாளிகைப் படிக்கட்டுக்கு வந்து நின்று உறுதிமொழியைச் சேர்ந்து சொன்னார்கள்; அந்த இரண்டு சொல் வந்ததும் குரல் உயர்ந்தது. அர்த்தம் போய்விட்ட சொல்லுக்காக இவ்வளவு உரக்கக் கத்த முடியும் என்பதே அதிசயம்தான்.

உச்ச நீதிமன்றத்தில் நியூடோ தனக்காகத் தானே வாதாடினார். இந்தச் சொல் மக்களைப் பிரிக்கிறது என்றார். 1954இல் காங்கிரஸில் எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று கேட்டார் தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட். யாரும் எதிர்த்ததாகத் தெரியவில்லை என்றதும், அப்படியானால் பிரிப்பதாகத் தெரியவில்லையே என்றார் நீதிபதி. நாத்திகன் யாரும் தேர்தலில் ஜெயிக்க முடியாது என்பதால்தான் அப்படி என்று நியூடோ பதில் சொல்ல, பார்வையாளர் பகுதியில் கைதட்டல். இனியும் தட்டினால் எல்லாரையும் வெளியேற்றுவேன் என்று எச்சரித்தார் தலைமை நீதிபதி. சரியான கண்டிப்பு. சடங்கு நடக்கிற இடத்தில் யாராவது சொல்லுக்கு அர்த்தம் பார்த்துக் கைதட்டலாமா?

தீர்ப்பு 2004 ஜூன் 14 அன்று வந்தது, பணி நியமனத்தின் பொன்விழா நாளில். கடவுள் இருக்கலாமா கூடாதா என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லவில்லை. மகள் விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமை தாயிடம் இருக்கிறது, தகப்பனுக்கு வழக்குப் போடத் தகுதியில்லை என்று முடித்தார்கள். ஆண்டவரின் பதவி, ஒரு குடும்பச் சட்ட நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு தப்பியது. அவரும் எத்தனையோ சோதனை பார்த்தவர்தான்.

பிறகு எல்லாம் வளர்ச்சிதான். 'கடவுளை நம்புகிறோம்' பலகையை யாராவது அன்பளிப்பாகக் கொடுத்தால் பள்ளிகள் மாட்டியே ஆக வேண்டும் என்று டெக்சாஸ் 2021இல் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு டல்லஸ் பக்கத்தில் ஒருவர் அதே வாசகத்தை அரபியில் எழுதிக் கொண்டுவந்தார். எங்களிடம் ஏற்கெனவே தேவையான அளவு இருக்கிறது என்று நன்றியோடு திருப்பி அனுப்பினார்கள். நம்பிக்கைக்கும் ஒரு அளவு உண்டல்லவா.

2024 மார்ச்சில் டொனால்ட் டிரம்ப் ஒரு பைபிளை வாங்கச் சொல்லி விளம்பரம் செய்தார். விலை 59.99 டாலர். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாட்டோடு அரசியல் சட்டமும் கொடி உறுதிமொழியும் அதே அட்டைக்குள் கட்டப்பட்டிருந்தன. எழுபது ஆண்டு உழைத்தவருக்குக் கிடைத்த பதவி உயர்வு: ஆண்டவர் உறுதிமொழிக்குள் வந்தார், இப்போது உறுதிமொழி ஆண்டவரின் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. கம்யூனிஸ்டுகளிடமிருந்து வேறுபடுத்திக் காட்ட டோச்சர்டி பாதிரியார் கேட்டு வாங்கிய அந்த இரண்டு சொல்லைத் தாங்கிய புத்தகங்களில் ஏறத்தாழ 1,20,000 பிரதிகள், கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் சீனாவின் ஹாங்சௌ நகரிலிருந்து வந்து இறங்கியதாக, இறக்குமதிப் பதிவுகளை வைத்து அசோசியேட்டட் பிரஸ் அந்த அக்டோபரில் எழுதியது. பதிவில் காட்டிய மதிப்பு, பிரதிக்கு 3 டாலருக்கும் குறைவு.