ஈசலும் தூண்டிலும்

ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போடும் ரசிகருக்குப் புழு ஆகாது. ஆற்றில் அன்றைக்கு எந்தப் பூச்சி இறக்கை முளைத்து எழும்புகிறதோ, அதே நிறத்தில், அதே அளவில், கோழி இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்ட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மீன் சீந்தாதாம். இந்தச் சீமை மீனுக்காக வெள்ளைக்காரர்கள் 1907-லேயே நீலகிரி அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டிவிட்டார்கள். தண்ணீர் குளிர்ந்திருக்காவிட்டால் அது பிழைக்காது. நம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அது எட்டிப் பார்க்காததற்குக் காரணம் அதுதான். நம்மேல் கோபம் எதுவும் இல்லை.

நமக்கும் பூச்சி எழும்பும் நாள் உண்டு. மழை விட்ட சாயங்காலம் சிப்காட் தொழிற்பேட்டை விளக்குக் கம்பங்களைச் சுற்றி ஒரே ஈசல். ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வருகிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் இறகு சமாச்சாரத்தைச் சொன்னேன். பரோட்டா மாவை உருட்டி முள்ளில் குத்திக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, நெஜ ஈசலே இவ்ளோ கெடக்குது, பொய்யா எதுக்குச் செய்யணும்?"

அதற்குள் ஜிலேபிக் கெண்டை ஒன்று மாவைக் கவ்வியது. அப்படியானால் ஈசல்? அது பக்கத்து வாளியில் இருந்தது, வீட்டில் அரிசியோடு வறுக்க.