கால் தயார், பை தயாரா?

கேள்வி: அடுத்த மாதம் 50 கிலோமீட்டர் மலை ஓட்டம். ஆறு மாதமாக விடியற்காலையில் எழுந்து ஓடுகிறேன். தொப்பை போன இடம் தெரியவில்லை. மூச்சும் வாங்குவதில்லை. இதற்குமேல் என்ன தயாரிப்பு வேண்டும் என்கிறீர்கள்?

பதில்: தொப்பையை வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்ல காரியம். பையையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆறு மாதத்தில் நீங்கள் சம்பாதித்தது உடல்வலிமை. அதற்கு என் வாழ்த்து. ஆனால் மலையில் உயிரைக் காப்பது அது மட்டுமே என்று நினைத்தால், 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். மஞ்சள் நதிக் கல்காட்டில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர் புறப்பட்டார்கள். 21 பேர் உயிரோடு திரும்பவில்லை. அவர்களைக் கொன்றது குளிர். காலையில் கிளம்பும்போது பலர் மீது இருந்தது அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும்தான். மலை ஏறிக்கொண்டிருந்தபோது ஆலங்கட்டியும் உறைய வைக்கும் மழையும் சூறைக்காற்றும் ஒன்றாக வந்து அடித்தன. காற்றைத் தடுக்கும் மேலங்கி, கட்டாயம் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் இல்லை. பலருடைய கனத்த உடைகள் பாதையில் வெகுதூரம் தள்ளியிருந்த சோதனைச் சாவடி ஒன்றில் அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. இரண்டாவது சாவடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். அவ்வளவு ஏறிப் போய்ச் சேர்ந்தாலும் அந்த மூன்றாவது சாவடியில் உணவும் இல்லை, தண்ணீரும் இல்லை.

இதில் என் மனத்தை விட்டுப் போகாத செய்தி ஒன்று உண்டு. முன்னணியில் ஓடிய ஆறு பேரில் பிழைத்தவர் ஒருவர் மட்டுமே. இறந்தவர்களில் லியாங் ஜிங் இருந்தார். சீனாவின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவர். பின்னால் மெதுவாக வந்தவர்களில் பலர், வானம் கறுப்பதைப் பார்த்துக் கீழேயிருந்தே திரும்பிவிட்டார்கள். வலிமை மிக்கவர்களை அவர்களுடைய வலிமையே எல்லோருக்கும் முன்பாக, உதவி எட்டாத உயரத்துக்குக் கொண்டு சேர்த்துவிட்டது. ஆகவே உங்களுக்கு என் பதில் இதுதான்: பயிற்சி கூடக்கூட நீங்கள் மனித நடமாட்டத்தை விட்டு விலகிப் போகும் தூரமும் கூடுகிறது. அந்தத் தூரத்துக்கு ஏற்றபடி தயாரிப்பும் கூட வேண்டும். நன்றாகப் பயிற்சி எடுத்தவர் குறைவாகத் தயாரானால் போதும் என்ற கணக்கு தலைகீழானது.

கேள்வி: ஓடினால் உடம்பு கொதிக்கிறது. கொதிக்கிற உடம்பு குளிரில் விறைக்கும் என்றால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறதே?

பதில்: அடுப்பு எரியும்வரை பாத்திரம் சூடாகத்தான் இருக்கும். தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் உங்களை முன்னே தள்ளுகிறது. மிச்சம் முக்கால் பங்கும் வெப்பமாக வெளியேறுகிறது. நல்ல வேகத்தில் ஓடுகிறவர் மெல்லிய பனியனோடு கடுங்குளிரைச் சமாளிப்பது இந்த வெப்பத்தால்தான். சிக்கல் வேகம் குறையும்போது தொடங்குகிறது. ஏற்றம் செங்குத்தாகிறது, எதிர்காற்று தள்ளுகிறது, உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து தீர்ந்துகொண்டே வருகிறது. ஓட்டம் நடையாகிறது, நடை தள்ளாட்டமாகிறது. வெப்பம் உண்டாவது குறையும் அதே நேரத்தில், நனைந்த துணியும் காற்றும் வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும் வேகம் கூடுகிறது. நடுங்குவதற்கும் மாவுச்சத்து எரிகிறது. உடம்பு மேலும் குளிர்ந்துபோனால் நடுக்கமே நின்றுவிடும். அப்போதே புத்தியும் மங்கியிருக்கும். பையில் மேலங்கி இருந்தாலும் எடுத்துப் போட வேண்டும் என்று தோன்றாது. தோன்றினாலும் விறைத்த விரல் ஜிப்பைத் திறக்காது. நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே மேலங்கியைப் போட்டுவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேட்டுநிலத்தில் ‘ஃபோர் இன்ஸ்’ என்ற நெடுநடைப் போட்டி நடந்தது. சாரணர் இயக்கத்து இளைஞர்களின் போட்டி அது. ‘தயாராக இரு’ என்பதையே குறிக்கோளாகக் கொண்ட இயக்கம். 240 பேர் கிளம்பினார்கள். மழையிலும் காற்றிலும் சிக்கி 22 பேரே முடித்தார்கள். மூன்று இளைஞர்கள் குளிரில் இறந்தார்கள். 1953 எவரெஸ்ட் குழுவில் உடலியல் அறிஞராகப் போயிருந்த கிரிஃபித் பியூ இந்த மரணங்களை ஆராய்ந்தார். களைப்பு, ஈரம், காற்று மூன்றும் சேரும்போது, உறைநிலைக்கு மேலான குளிரிலேயே திடகாத்திரமான இளைஞர்களும் விழுந்துவிடுவார்கள் என்பதை அவருடைய ஆய்வு தெளிவாக்கியது. கான்சுவுக்கு 57 ஆண்டுகள் முன்பே இந்தப் பாடம் அச்சாகிவிட்டது. அப்படியிருந்தும் மேலங்கியைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேள்வி: கான்சுவில் நடந்தது அமைப்பாளர்கள் செய்த தவறு. நான் கட்டணம் கட்டித்தான் ஓடுகிறேன். என் பாதுகாப்பு அவர்கள் பொறுப்பு. நான் ஏன் மூட்டை சுமக்க வேண்டும்?

பதில்: தவறு அமைப்பாளர்களுடையது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, அரசு விசாரணையும் அதைத்தான் சொன்னது. பலத்த காற்று வரும் என்று முந்தைய நாளே வானிலை எச்சரிக்கை வந்திருந்தது. கட்டணம் கட்டுகிற நீங்கள் கேள்வி கேட்கத்தான் வேண்டும்: எந்தச் சாவடியில் மருத்துவர் இருப்பார், வண்டி போகாத பகுதி எது, வானிலை கெட்டால் ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? பதில் வராவிட்டால் அந்த ஓட்டத்துக்குப் போகாதீர்கள். ஆனால் பொறுப்பு யாருடையது என்று தீர்ப்பாக வாரக்கணக்கில் ஆகும். குளிருக்கு ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் உங்களோடு இருப்பது உங்கள் பை மட்டும்தான்.

அந்த மூட்டை எவ்வளவு கனம் என்று பார்ப்போம். ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்கைச் சுற்றி ஓடும் புகழ்பெற்ற யூ.டி.எம்.பி. பந்தயத்தில் கட்டாயப் பொருள்கள் இல்லாதவரை ஓட விடமாட்டார்கள்: தொப்பியோடு கூடிய மழை மேலங்கி, அவசரப் போர்வை, விசில், தலையில் கட்டும் டார்ச், கைபேசி, கையிருப்பு உணவு, தண்ணீர். அவசரப் போர்வை என்பது அலுமினியத் தாள்போல மினுங்கும் மெல்லிய விரிப்பு. மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். மெல்லிய மழை மேலங்கி ஒரு பெரிய மாம்பழத்தின் எடைதான் இருக்கும். உலகத்தின் மிக வேகமான மலை ஓட்டக்காரர்கள் இவற்றைச் சுமந்துகொண்டுதான் ஜெயிக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: பயிற்சியின்போதே அந்தப் பையோடு ஓடுங்கள். பை தோளை உரசுகிறதா, ஓடிக்கொண்டே மேலங்கியை எடுக்க முடிகிறதா என்பது வீட்டருகிலேயே தெரிந்துவிட வேண்டும்.

கான்சுவில் ஆறு பேரைக் காப்பாற்றியவர் சூ கெமிங் என்ற ஆடு மேய்ப்பவர். மழைக்கு அவர் ஒதுங்கியிருந்த குகை வீட்டில் துணிமணிகள், போர்வை, விறகு எல்லாம் இருந்தன. மலையில் வானிலை எந்நேரமும் மாறும் என்று அறிந்து முன்பே சேர்த்து வைத்திருந்தார். தடுமாறி வந்தவர்களை உள்ளே கூட்டிப்போய், நெருப்பு மூட்டி, போர்வையால் போர்த்தினார். அன்று அந்த மலையில் சரியாகத் தயாராக இருந்தவர் அவரே.

கேள்வி: என் அத்தை வருடம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை போகிறார். வெறுங்கால், பயிற்சியும் கிடையாது, பையும் கிடையாது. முருகன் பார்த்துக்கொள்கிறான் என்கிறார். நீங்கள் சொல்வதெல்லாம் அங்கே எடுபடவில்லையே?

பதில்: அத்தையின் நடையைக் கூர்ந்து பாருங்கள், நான் சொல்வதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தைப்பூச நடை, வெயில் ஏறாத மாதத்தில் வருகிறது. விரதம் இருந்து உடம்பையும் மனத்தையும் முன்கூட்டியே பழக்குகிறார்கள். கூட்டமாகப் போகிறார்கள், வெயில் நேரத்தில் ஒதுங்கி, விடியலிலும் இரவிலும் நடக்கிறார்கள். வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல், அன்னதானம், காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் கைகள். குன்றக்குடியிலிருந்து காவடி எடுத்துப் போகும் நகரத்தார் நடை தலைமுறை தலைமுறையாக வருகிறது. எங்கே தங்குவது, எங்கே உண்பது எல்லாம் எப்போதோ வகுக்கப்பட்டவை. அத்தையின் பை காலியாக இருப்பதற்குக் காரணம், அந்தப் பையை ஊரே சுமக்கிறது என்பதுதான்.

இதே நம்பிக்கையோடு ஊர் துணையில்லாத மலைக்குப் போனால் கதை வேறு. வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளில் மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காய்ந்த புல்லில் தீ மேட்டை நோக்கித்தான் வேகமாகப் பாயும். எந்தக் காலும் அதை முந்தாது. எந்த மாதத்தில் எந்த மலைக்குப் போகக் கூடாது என்று தெரிந்திருப்பதும் பையில் இருக்க வேண்டிய பொருள்தான். அதற்கு எடையே கிடையாது.

கேள்வி: மேலங்கி, போர்வை என்று குளிருக்கே சொல்கிறீர்கள். சென்னையில் ஓடுகிறவனுக்கு வெயில் அல்லவா எமன்? தண்ணீரை நிறையக் குடித்தால் போதுமா?

பதில்: போதாது, அளவுக்கு மீறினால் அதுவே எமனாகும். வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். சென்னையின் புழுக்கத்தில் அது ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. அதனால் வெப்பமானியில் 32 டிகிரி என்று பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும். அதற்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது; வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும், உப்புக் குறைந்தும் வருகிறது. குளிர் அறையில் டிரெட்மில்லில் எடுத்த பயிற்சி இந்தப் பழக்கத்தைத் தராது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் திரவம் குடித்ததே முக்கியக் காரணம் என்று 2005இல் அந்த ஆய்வு வெளிவந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், நெடுந்தூரத்தில் உப்பையும் மறக்காதீர்கள்.

கூட ஓடுகிறவர் பிதற்றினால், தடுமாறினால், உடம்பு அனலாகக் கொதித்தால், அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை கைகட்டி நிற்காமல் உடனே குளிர்வியுங்கள்: பனிக்கட்டித் தொட்டி இருந்தால் கழுத்துவரை அதில் அமர்த்தித் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நிழலில் கிடத்தி, குளிர்ந்த நீரை விடாமல் ஊற்றி விசிறுங்கள். அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் 274 பேரை இப்படிக் குளிர்நீரில் அமிழ்த்திச் சிகிச்சை செய்தார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். அங்கே தொட்டி முன்கூட்டியே நிரப்பி வைக்கப்பட்டிருந்தது.

கேள்வி: பாதியில் திரும்பினால் ஊர் சிரிக்காதா?

பதில்: சிரிக்கட்டும். கான்சுவில் மேலே ஏறாமல் திரும்பியவர்கள் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். எந்த நேரத்துக்குள் எந்த இடத்தை எட்டாவிட்டால் திரும்புவது என்று வீட்டிலேயே எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். களைத்த மூளையிடம் அந்த முடிவை விடாதீர்கள்.

கேள்வி: விசில் எதற்கு? கத்தினால் கேட்காதா?

பதில்: காற்றில் குரல் கரைந்துவிடும், கொஞ்ச நேரத்தில் தொண்டையும் கட்டிவிடும். விசிலுக்குத் தொண்டை கட்டாது. ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதுங்கள். ஆல்ப்ஸ் மலையில் அபாயத்துக்கு அதுதான் அடையாளம். பதிலுக்கு எங்கிருந்தோ மூன்று முறை சத்தம் கேட்டால், யாரோ உங்களைக் கேட்டுவிட்டார்கள். அப்போதும் நிறுத்தாதீர்கள், அவர்கள் வந்து சேரும்வரை ஊதிக்கொண்டே இருங்கள்.