பெரியப்பா பார்த்த படம்

டிவியில் ‘நாயகன்’ ஆரம்பித்ததும் பெரியப்பா முதல் காரியமாகச் சத்தத்தைக் குறைப்பார். அவர் கதை சொல்ல வேண்டுமே! படத்தின் கதையல்ல, படம் பார்த்த கதை.

மதுரைக் குடும்பங்களில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். வேலு நாயக்கர் யாரை எதற்கு அடித்தார் என்று கேட்டால் விழிப்பார். அன்றைக்குச் சைக்கிள் டோக்கன் தொலைந்ததும் இடைவேளை முறுக்கு நமுத்துப் போயிருந்ததும் அத்துப்படி. ‘மூன்றாம் பிறை’யா? பெண் பார்த்துவிட்டு வந்த வாரம். ‘முந்தானை முடிச்சு’ வந்த பிறகோ, மாமியார் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் வைத்தாலே கொழுந்தியாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம்.

பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே பிற்காலத்தில் அதிகம் நினைவுக்கு வரும் என்கிறார்கள் உளவியலாளர்கள். பெரியப்பா 1957-இல் பிறந்தவர், கணக்கு சரிதான். முப்பதுக்குப் பின் வந்ததெல்லாம் அவருக்கு “இப்ப வர்ற படம்”. 1995-இல் வந்த ‘பாட்ஷா’வும் அதில் அடக்கம்.

ஆனால் ‘பராசக்தி’யை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1952 தீபாவளிக்கு மதுரை தங்கம் தியேட்டர் அந்தப் படத்தோடுதான் திறந்தது. இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். அன்றைய தள்ளுமுள்ளை அவர் வர்ணித்தால் கேட்பவருக்கு வேர்க்கும். அவர் பிறந்ததோ ஐந்து வருஷம் கழித்து! அது அவருடைய அப்பாவின் ஞாபகம்; பாகப்பிரிவினையில் இவர் பங்குக்கு வந்த சொத்து. தியேட்டரையே இடித்துவிட்டார்கள், சொத்துக்குச் சேதமில்லை.

‘நாயகன்’ விஷயத்தில் மட்டும் பெரியம்மா குறுக்கே விழுவார். 1987 அக்டோபர் 21, தீபாவளி. ரஜினியின் ‘மனிதன்’ வந்ததும் அன்றைக்குத்தான்.

“நாயகனுக்கு எங்க டிக்கெட் கிடைச்சுச்சு? பிளாக்ல அநியாய விலை சொல்றான்னு என்னைய மனிதனுக்குத்தானே கூட்டிட்டுப் போனீங்க?”

‘மனிதன்’ நன்றாக ஓடிய படம், குறை சொல்ல முடியாது. ஆனால் ‘நாயகன்’ கமலுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. 2005-இல் ‘டைம்’ பத்திரிகையின் சிறந்த நூறு படங்கள் பட்டியலிலும் ஏறியது. இத்தனைக்கும் பிறகு, அதை முதல் நாளே பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள எந்த மனுஷனுக்கு மனசு வரும்?

பெரியப்பா அசரவில்லை. “மனிதன் மேட்னி. நான் சொல்றது செகண்ட் ஷோ.”

“தீபாவளியும் அதுவுமா என்னைய வீட்ல விட்டுட்டு செகண்ட் ஷோவுக்கு யாரோட போனீங்க?”