அட்டைக்கே ஒத்துக்காத போயிலை

வா மருமவனே, உக்காரு. காலைல பெரட்டுல ஒன்னப் பாத்தேன். கங்காணி பேரு கூப்புடுறாரு, நீ 'உம், உம்'ங்குற. கொடுப்புக்குள்ள வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு யாழ்ப்பாணத்துப் போயிலை; நாக்குக்கு எடம் ஏது? கேட்டா அட்டன் குளிருக்கு இதம்ங்குற. வெயில் கொளுத்துற மாசத்துல மட்டும் துப்பிட்டியாக்கும்!

மழையில மலைக்குப் போறப்ப கால்ல அட்டை ஏறுனா என்ன பண்றோம்? வாயில ஊறுன போயிலைச் சாறை அது மேல துப்புறோம். சுருண்டு விழுந்துடுது. ரத்தங் குடிக்கிற அட்டைக்கே ஒத்துக்காத சாமானை, விடிஞ்சதுலருந்து அந்தி வரைக்கும் கன்னத்துல வச்சு அடைகாக்குற பாரு, ஒன் தைரியத்துக்கு மாலைதான் போடணும்.

நீ கெட்டிக்காரன், சிகரெட்டைத் தொட மாட்ட. பொட்டியில நூத்துக்கு 80 பங்கு எடத்துல நோவுப் படம் போட்டிருக்கான், பாத்தா பயமாம். வெத்தலைக் கடைக்காரரு பழைய பேப்பர்ல மடிச்சுக் குடுக்குறாரு. அதுல சினிமாக்காரிதான் சிரிக்கிறா. 21 வயசு ஆகாதவனுக்குப் புகையிலை விக்கக்கூடாதுன்னு 2006-ல சட்டம் வந்துச்சு. ஒன் சின்ன மவன் 'அப்பாவுக்கு'னு சொல்லி வாங்கியாரான், சட்டம் லயத்து வாசல்ல நின்னு வேடிக்கை பாக்குது.

போயிலையை விட்டுட்டு வெறும் பாக்கை மெல்லுறேம்ப. பாக்கும் புத்துநோய் கொண்டாரும்னு உலக சுகாதார அமைப்போட ஆராய்ச்சிக்காரங்க 2004-லயே எழுதி வச்சிட்டாங்க. கன்னத்துச் சதையை இறுக்கி வாயைத் தொறக்க விடாமப் பண்றதும் அந்தப் பாக்குதான். ஒரு வகையில லாபம்: ரொட்டிக்கு மாவு மிச்சம், ஒம் பொஞ்சாதிக்குக் காது மிச்சம்.

சிரிக்காத. இந்த நாட்டு ஆம்பளைங்களுக்கு வர்ற புத்துல மொத எடம் வாய்ப்புத்துக்குத்தான்.

விடணும்னு தோணுனா 1948-க்குப் போன் அடி, வழி சொல்வாங்க. நம்மாளுக்கு அந்த நம்பரு மறக்குமா? குடியுரிமையைப் பறிச்ச வருசமாச்சே! அப்பக் கேக்காமப் புடுங்குனாங்க. இப்ப நீயாக் கேட்டாத்தான், அதுவும் போயிலையை மட்டும்.

வாயில ரெண்டு கெழமையாகியும் ஆறாத புண்ணு, வெள்ளைப் படை, செவப்புப் படை எது இருந்தாலும், ஒரு நாள் பேரு போனாப் போகட்டும், கவுர்மெண்டு ஆஸ்பத்திரிப் பல்லு டாக்டர்கிட்டக் காட்டு. காசு கேக்க மாட்டாங்க. இப்ப எந்திரிச்சுப் போயித் துப்பிட்டு வா. செவுத்துல இல்லடா, கான்ல!