மௌன யோகம்

(திருவையாற்றில், காவிரிக்கரைத் திண்ணையில், ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரும், காவலர் பயிற்சியிலிருந்து விடுப்பில் வந்த அவருடைய தம்பி மகளும்.)

பெரியப்பா: காக்கிச் சட்டையிலேயே நரை கண்டவன் சொல்கிறேன், கேள் அம்மா: ஸ்டேஷனுக்குள் கண்டதைக் காணாததாகவும், கேட்டதைக் கேளாததாகவும் பாவிக்கும் பக்குவம் எவனுக்கு வாய்த்ததோ, அவனே உத்தியோகத்தில் க்ஷேமமாக இருப்பான், பெண்களுக்கோ இளகிய சுபாவமாதலால் அந்த யோகம் சித்திப்பதில்லை.

மகள்: கவாத்தும் சட்டமும் கற்பிக்கிறார்கள், பெரியப்பா, இந்த யோகாப்பியாசத்தை மட்டும் பாடத்தில் காணோமே!

பெரியப்பா: அது தானாக வரும். பையன்கள் என்ன சொல்கிறார்கள்?

மகள்: நாலு தட்டு தட்டினால்தான் உண்மை வரும் என்கிறார்கள். அதற்குத் தலையாட்டும் பெண்களும் உண்டு.

பெரியப்பா: பேஷ்! 2020 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்த சந்தோஷத்தில் நாமெல்லாம் குறுவை வேலையில் மூழ்கியிருந்த சமயத்தில், சாத்தான்குளத்தில் அந்த ரேவதி, தானும் ஓர் ஏட்டாக இருந்துகொண்டு, மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்து, நம் இலாகா தர்மத்தையே குலைத்துவிட்டாளே!

மகள்: 19-ஆம் தேதி பிடித்துவந்த ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருக்கிறது என்று சொன்னதா தர்மத்தைக் குலைத்தது? தகப்பனும் பிள்ளையும் அடுத்தடுத்து மாண்டது குலைக்கவில்லையா?

பெரியப்பா: காமிரா இருக்க, மனுஷ சாட்சி எதற்கு?

மகள்: அந்தக் காமிராவும் உங்கள் சிஷ்யன்தான்! ஒரு டெராபைட் இடமிருந்தும், அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி வைத்திருந்ததாக மாஜிஸ்திரேட் பாரதிதாசன் ஹைகோர்ட்டுக்கு எழுதினார்.

பெரியப்பா: என்ன இருந்தாலும் பெண் மனம் இளகிய மனம், 1973-ல் உங்களைப் படையில் சேர்த்தபோதே பெரியவர்கள் எச்சரித்தார்கள்.

மகள்: தந்திரமே அங்கேதான் இருக்கிறது. கையெழுத்திட முதலில் அஞ்சித் தயங்கிய ரேவதி, சக காவலர்கள் வெளியே சூழ்ந்து நிற்கையிலும் கடைசியில் கையெழுத்திட்டது கடமை. அதற்கு இளகிய மனமென்று பெயர் சூட்டினால், வாய்திறவாத ஆண்களின் பயம் வீரமாகிவிடும். களையெடுப்பைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டு வரப்பில் குடைபிடித்து நிற்பதுபோல, மனச்சாட்சியையும் எங்கள் தலையிலேயே கட்டப் பார்க்கிறீர்கள்.

பெரியப்பா: ஸ்டேஷனில் எல்லோருமே கண்டதைச் சொல்லத் தொடங்கினால் என்ன ஆவது?

மகள்: அடிக்கக் கை எழாது, அவ்வளவுதான். சாட்சி சொல்லும் கடமையில் ஆணென்றும் பெண்ணென்றும் சட்டம் பிரிக்கவில்லை. சம்பளமும் இருவருக்கும் ஒன்றே.